திருப்பி எழுதிய 'க'



ஓய்வு பெற்றபின் பென்சிலில் வரைந்துகொண்டிருந்த நான் இப்போது லினோ அச்சில் இறங்கியிருக்கிறேன். நந்தலால் போஸ் 1930இல் தண்டி யாத்திரைக் காந்தியைப் பதித்தது இந்த முறையில்தான். உளியால் செதுக்கி எடுத்த இடம் வெள்ளையாகும்; விட்டுவைத்த இடம் மை வாங்கும். தகட்டைச் சற்று வெயிலில் வைத்தால் இளகி, செதுக்க எளிதாக இருக்கும். மை தடவி, தாளைப் போட்டு, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் தேய்க்கிறேன்.

பேத்தியின் பிறந்தநாளுக்கு ஒரு மயில், கீழே அவள் பெயர். தாளை உரித்தால் பெயர் திரும்பி நிற்கிறது! அச்சில் இடம் வலமாகும் என்று தெரிந்தும், கை பழக்கத்தில் நேராகவே செதுக்கிவிட்டது. மறுநாள் திருப்பி எழுதிப் பழகினேன். ஒரு 'க' சரியாக வர அரைமணி நேரம் ஆனது.

அப்போதுதான் அந்தப் பையன் நினைவுக்கு வந்தான். இரண்டாம் வகுப்பு. எழுத்துகளைத் திருப்பித் திருப்பி எழுதுவான். வீம்புக்குச் செய்கிறான் என்று நினைத்து, நூறு முறை எழுத வைத்தேன்; பெஞ்சு மேல் நிற்கவும் வைத்தேன். வீம்புக்கு அப்படி எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று 67 வயதில்தான் என் கைக்குத் தெரிந்தது.

கண்ணா, நீ இதைப் படித்தால் டீச்சரை மன்னித்துவிடு.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களே, அப்படி ஒரு குழந்தை வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். இரண்டு மயில்களையும் கீழே போட்டிருக்கிறேன். பேத்திக்குப் பிடித்தது திரும்பிய பெயர் உள்ளதுதான்.