பல் வைத்தியசாலைத் தரகர்

ஜூபிலி மலருக்குத் தமிழாசிரியர் எழுதுவதென்றால் சங்க இலக்கியம் பற்றியோ, மறைந்த ஆசிரியப் பெருந்தகை ஒருவரைப் பற்றியோ எழுதுவதே மரபு. அவ்விரண்டையும் எம்மினும் வல்லார் இம்மலரிலே செய்திருப்பர். நாம் அண்மையில் அறிமுகமான ஒரு தரகரைப் பற்றி எழுத விழைகின்றோம். காணித் தரகரையும் கலியாணத் தரகரையும் அறியாதார் இலர். இவரோ, பல் வைத்தியர்கள் தமது வைத்திய நிலையங்களைக் கைமாற்றுவதற்குத் துணைநிற்கும் தரகர். மேல்நாடுகளில் இது பழகிப்போன தொழிலாம். கண்டி மாநகரிலே இப்படியும் ஒருவர் உளர் என்பது எமக்குப் புதுமையாயிருந்தது.

நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர், எம்மினும் இருபது ஆண்டு மூத்தவர், நகரில் நெடுங்காலம் பல் வைத்தியம் செய்து வந்தார். பல் வைத்தியக் கல்வி 1943இல் கொழும்பிலே தொடங்கி 1954இல் பேராதனைக்கு வந்தது. அதன் பயனாகக் கண்டியைச் சூழ்ந்த மலைநாட்டார்க்குத் தேர்ந்த பல் வைத்தியம் கைக்கெட்டிய தூரத்தில் கிடைத்தது. இவரும் பேராதனையிற் பயின்றவரே. எமது பற்களும் அவர் பொறுப்பிலேதான் இருந்தன. தொல்காப்பியர் எழுத்துக்களின் பிறப்பிடங்களை எண்ணுமிடத்துப் பல்லையும் ஒன்றாக எண்ணினார். முன்பல் பழுதுற்ற தமிழாசிரியன் தகரத்தையும் நகரத்தையும் எங்ஙனம் கற்பிப்பான்? ஆதலின் எமக்கு அவர்பாலிருந்த பற்றில் தொழிலபிமானமும் சிறிது கலந்திருந்தது.

அவர்க்குக் கை நடுக்கம் கண்டது. பிள்ளைகள் கடல்கடந்து வாழ்கின்றனர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இளைய வைத்தியர் பலர் நாட்டைவிட்டுச் சென்றமையால், தம் இருக்கையில் யாரை இருத்துவதென்று அவர் கவலையுற்றார். அப்பொழுதுதான் இத்தரகர் வந்து சேர்ந்தார். அக்குறணையைச் சேர்ந்த இஸ்லாமிய அன்பர். முன்னர்ப் பல் வைத்தியப் பொருள்களை நிலையம் நிலையமாகக் கொண்டுசென்று விற்றவர். எந்த வைத்தியர் ஓய்வை நாடுகிறார், எவர் இடந்தேடுகிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. பேச்சு நடக்கையில் உடனிருக்கும்படி வைத்தியர் எம்மை அழைத்தார். தரகர் என்றாலே இருபுறமும் கைநீட்டுபவர் என்னும் எண்ணம் எமக்கு உண்டு. மாட்டுச் சந்தையிலே துண்டுக்குள் விரல்பிடித்து விலைபேசும் வழக்கத்தை நினைத்துக்கொண்டே சென்றோம்.

“தரகு யாரிடம்?” என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிட்டோம்.

“விற்கிறவரிடம் மட்டும், மாஸ்டர். வாங்குகிறவரிடமும் எடுத்தால் நான் யாருடைய ஆள்?” என்றார் அவர்.

விடை நன்றாகத்தான் இருந்தது. ஆயினும் விலையில் நூற்றுக்கு இத்தனை என்று கூலி பெறுபவர் உயர்ந்த விலையையே நாடுவர் என்பது கணக்கு. குறித்த தொகையொன்றை முன்னரே பேசிக்கொள்வதே செம்மை என்பது எமது கருத்து. அதனை அங்கேயே சொன்னோம். அவர் சிரித்தாரே தவிர இணங்கவில்லை.

பின்னர் அவர் நிலையத்தைக் கூறுகூறாகப் பிரித்து மதிப்பிட்டார். நோயாளர் சாயும் கதிரை, காற்றமுக்கப் பொறி, கருவிகளை அவித்துக் கிருமி நீக்கும் கலம் ஆகியவற்றுக்கு ஒரு விலை. குத்தகையில் எஞ்சியிருக்கும் காலத்துக்கு ஒரு விலை. மூன்றாவதுதான் கடினமானது, கணக்கியலார் அதனை நன்மதிப்பு என்பர். பழைய வாடிக்கையாளர் பழைய இடத்தையே நாடி வருவர் என்னும் வாய்ப்பே நன்மதிப்பென 1810இல் ஆங்கில நீதிபதி எல்டன் பிரபு விளக்கினார். இங்கிலாந்தில் 1948இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது, அதிற் சேர்ந்த பொது வைத்தியர்கள் தம் நன்மதிப்பை விற்பது தடுக்கப்பட்டது. பல் வைத்தியர்க்கோ அத்தடை இல்லை. அந்நாட்டில் இத்தரகுத் தொழில் தழைத்தமைக்கு அதுவும் ஒரு காரணம் எனலாம்.

“கதிரையை விற்கலாம், மாஸ்டர். டொக்டருடைய கையை எப்படி விற்கிறது? டொக்டர் ஆறு மாதம் பக்கத்தில் நின்றால் நன்மதிப்புக்கு விலை உண்டு, நாளைக்கே போனால் இல்லை” என்றார். இத்தெளிவு எமக்குப் பிடித்திருந்தது.

கடதாசி வேலைகளோ பல. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் வைத்திய நிலையம் பதிவுசெய்யப்படல் வேண்டும். எக்ஸ்-கதிர்ப் பொறிக்கு அணுசக்தி ஒழுங்குபடுத்தும் பேரவையின் உரிமம் வேண்டும். வாங்குபவர் மருத்துவப் பேரவையிற் பதிவுபெற்றவராயிருத்தல் வேண்டும். குத்தகையை, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தவாறு, நொத்தாரிசு முன்னிலையிற் சாட்சிகளுடன் எழுதவேண்டும். (உலகின் முதற் பல் வைத்தியக் கல்லூரி அமெரிக்காவின் பல்ற்றிமோர் நகரில் தோன்றியதும் அதே 1840இலேதான்.)

நிற்க. சிக்கல் வேறிடத்திற் பிறந்தது. இரு விலைகள் வந்தன. உயர்ந்த விலை, இடத்தை மட்டும் விரும்பிய ஒரு வணிகருடையது. கட்டட உரிமையாளரும் அதற்கு இசைவு தருவதாகச் சொன்னார். குறைந்த விலை, பேராதனையிற் படித்து வெளியேறிய இளம்பெண் வைத்தியர் ஒருவருடையது. பிள்ளைகளிடம் கையேந்தாது முதுமையைக் கழிக்க எண்ணிய எம் நண்பருக்கு அவ்வேறுபாடு சிறிதன்று.

தரகர் அப்பொழுது எழுந்து, சுவரோரப் பெட்டகத்திலிருந்த சிவப்பு மூலை அட்டைகளைக் காட்டி, “இவை எத்தனை, டொக்டர்?” என்று வினவினார். பெயர்களை அவர் பார்க்கவில்லை. தொகையை மட்டுமே கேட்டார். அவை வெற்றிலை பாக்குப் பழக்கத்தால் வாயினுள் வெண்படலம் கண்டவர்களும், வாயை முழுதும் திறக்க இயலாதவர்களுமாகிய நோயாளரின் அட்டைகள். ஹந்தானை, கலஹா பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் அவர்களுட் பலர். புகையிலை சேராத பாக்குங்கூடப் புற்றுநோய் விளைப்பதென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்டது. நம் நாட்டு ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று முன்வரிசையில் நிற்கிறது. அத்தகைய படலத்தைக் காலந்தவறாது பார்த்துவந்தால் தீங்கு திரும்பும் வேளையை அறியலாம். விட்டால், வலி கண்டபின்னரே அவர்கள் வருவர்.

“கடைக்காரர் இவற்றை வாங்கமாட்டார்” என்றார் தரகர். வேறொன்றும் கூறவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமே என்றோம் நாம். ஒரு நாட் சம்பளத்தை இழந்து, வரிசையில் நிற்க எத்தனைபேர் போவர் என்று வைத்தியரே எம்மைத் திருப்பிக் கேட்டார்.

அன்றிரவு அவர் உறங்கவில்லையாம். மறுநாள் இளம் வைத்தியருக்கே விற்பதென முடிவாயிற்று. விலையோடு தரகும் குறைந்தது. ஆயினும் தரகர் தமக்குரியதில் ஒரு சதத்தையும் விட்டுக்கொடுத்தாரல்லர்; கணக்கிட்டு முழுதும் பெற்றுக்கொண்டார். அதனால் அவர்மீதுள்ள மதிப்பு எமக்குக் கூடிற்று என்றே சொல்லவேண்டும்.

இப்பொழுது கிழமையில் இருநாட் பின்னேரம் முதியவர் கதிரையருகே நிற்கிறார், இளையவர் பார்க்கிறார். சிவப்பு மூலை அட்டைக்காரர்களை வரவழைக்கும் பொறுப்பு முதியவருடையது. தரகர் மாதம் ஒருமுறை வந்து, எத்தனைபேர் வந்தனர் என்று விசாரித்துவிட்டு, தேநீர் அருந்திச் செல்கிறார். அடுத்ததாகக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு நிலையம் பேச்சிலிருக்கிறதாம். எமது கீழ்க் கடைவாய்ப் பல்லொன்றைப் பிடுங்கவேண்டியதில்லை, அடைத்தாற் போதும் என்று புதிய வைத்தியர் சொல்லியிருக்கிறார். முதியவர் அதனை மும்முறை குனிந்து பார்த்துவிட்டு, “சரிதான்” என்றார்.