கொல்லை வாசலும் முன் வாசலும்

சீர்காழி என்றவுடன் எல்லோருக்கும் ஞானசம்பந்தப் பெருமான் நினைவுதான் வரும். குளக்கரையில் பசித்தழுத குழந்தைக்கு அம்மை பாலூட்டிய ஊர். ஆண்டுதோறும் சித்திரையில் நடைபெறும் திருமுலைப்பால் உற்சவத்தைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வருகிறேன். கடைவாயில் பால் வழிய நின்ற பிள்ளையைப் பார்த்து, கையில் கோலோடு தந்தை கேட்டாராமே, யார் கொடுத்ததை வாங்கி உண்டாய் என்று, அந்தக் கேள்வி மட்டும் எனக்கு எப்போதும் உறுத்தும். யார் கொடுத்தால் என்ன, பசி ஆறினால் போதாதா?

சென்ற பருவத்தில் எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் ஐரோப்பிய வரலாறு நடத்தினார். 1683-இல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டுத் தோற்று ஓடியபோது விட்டுச் சென்ற மூட்டைகளில் காப்பிக் கொட்டை இருந்தது என்பது செவிவழிக் கதை. 1685-இல் ஆர்மீனிய வணிகர் ஒருவர் முறைப்படி அனுமதி பெற்று அந்நகரில் காப்பிக் கடை திறந்தார் என்பது வரலாறு. இன்றும் வியன்னாவின் பழைய காப்பிக் கடைகளில் சிறு தட்டில் ஒரு கோப்பையும் பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீரும் வைப்பார்களாம். அதை வைத்துக்கொண்டு செய்தித்தாள் படித்தபடி எத்தனை நாழிகை வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம், எழுந்து போ என்று எவரும் சொல்வதில்லை. 2011-இல் ஆஸ்திரியா அந்த வழக்கத்தையே தன் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. கேட்கக் கேட்க இனிமையாக இருந்தது. ஆனால் அன்று மாலை பேருந்து கொள்ளிடம் பாலத்தைத் தாண்டும்போது என் மனம் வியன்னாவில் இல்லை; எங்கள் ஊர்ப் பழைய ஓட்டல் ஒன்றில் இருந்தது.

அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. இன்று அதை நடத்துபவர்கள் நல்லவர்கள். சட்டைநாதர் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒன்றில் இருக்கிறது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டலுக்கு என் தாத்தா பதினோரு ஆண்டுகள் வாழையிலை போட்டவர். வெள்ளி முளைக்குமுன் கொள்ளிடத்துப் படுகையில் இலை அறுத்து, நார் கொண்டு கட்டி, சைக்கிளில் வைத்து மிதித்து வருவார். கட்டை இறக்குவது கொல்லை வாசலில். அங்கே சுவரில் ஓர் ஆணி. ஆணியில் தாத்தாவுக்கென்று ஓர் அலுமினியத் தம்ளர். மேலிருந்து காப்பியை ஊற்றுவார்கள். குடித்துவிட்டு அவரே கழுவி அவரே மாட்ட வேண்டும்.

இது ஏதோ வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்கு ஓரிடம், மற்றவர்க்கு வேறிடம் என்றிருந்த ஏற்பாடு 1941-இலேயே ஒழிந்தது. உணவு விடுதிக்குள் நுழைய எவரையும் தடுக்கலாகாது என்று அரசியல் சட்டம் சொன்னது; 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்தது. 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன்னால், 'பிராமணாள்' என்ற சொல்லைப் பலகையிலிருந்து எடுக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள். தாத்தா இலைக்கட்டோடு கொல்லை வாசலில் நின்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். உள்ளே வராதே என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லையாம். ஆணிதான் சொல்லியிருக்கிறது.

உதவித்தொகை கைக்கு வந்ததும் நான் போய், "தாத்தா, அந்த ஓட்டல்ல போய்ச் சாப்பிடுவோம், வாங்க" என்றேன்.

"நமக்கெதுக்குடா தம்பி அதெல்லாம்? ஆத்தா கொழம்பு வச்சிருக்கா."

ஒரு வாரம் கெஞ்சினேன். கடைசியில் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். ஓட்டல் வந்ததும் அவர் கால்கள் தாமாகவே பக்கத்துச் சந்துக்குத் திரும்பின. நான் கையைப் பிடித்து முன் வாசலுக்கு அழைத்து வந்தேன்.

நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். இலை போட்டதும் முகம் மாறிவிட்டது! நீர் தெளித்து, விரலால் நடு நரம்பை நீவிப் பார்த்து, "பூவன் எலைடா. நேத்து அறுத்தது. எந்தப் பய அறுத்தானோ, நுனி கிழியாம அறுத்திருக்கான்" என்றார். பருப்பு உசிலி, வாழைக்காய்க் கறி, வத்தக்குழம்பு, ரசம் என எல்லாம் வந்தன. வத்தக்குழம்பு மிக நன்றாக இருந்தது. தாத்தா எதையும் இரண்டாம் முறை கேட்கவில்லை. போட வந்தால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மோர்ச் சோறு முடிந்தது. சட்டென்று இலையைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நண்பர்களே, அந்த ஒரு நொடியில் எனக்கு வெட்கமாக இருந்தது. எவரைக் குறித்து வெட்கப்பட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மேசை துடைக்கும் பையன் ஓடி வந்தான். பீகாரிலிருந்து வந்தவன், தமிழ் இன்னும் சரியாக வரவில்லை. "வெச்சிடு தாத்தா, வெச்சிடு. நான் எடுக்கும்" என்று சிரித்தான். தாத்தா அவனையே பார்த்தார். பிறகு உட்கார்ந்து, சுருட்டிய இலையை மறுபடி விரித்து, தம் பக்கமாக ஒழுங்காக மடித்து வைத்தார்.

டவரா தம்ளரில் நுரையோடு காப்பி வந்தது. ஆற்றி ஆற்றி, வியன்னாக்காரர்களையும் மிஞ்சும்படி, அரை மணி நேரம் குடித்தார். குடித்து முடித்துத் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "இத யாருடா கழுவுவா?"

"அவங்கதான் தாத்தா."

தம்ளரை டவராவுக்குள் வைத்தார். நான் கல்லாவில் பணம் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது அவரைக் காணவில்லை. சந்துக்குள்ளிருந்து நடந்து வந்தார். ஆணியைப் பார்க்கத்தான் போயிருக்கிறார் என்று தெரிந்தது. இன்னும் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. "எலையெல்லாம் இப்ப ஆட்டோவுல வருதுடா" என்றார். பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தோம்.