கரையில் நான், சேற்றில் கேமரா

கண்மாய்ப் பறவையைப் படம் பிடிக்க இரண்டு வழி இருக்கிறது. கரையில் உட்கார்ந்து 600 எம்.எம். லென்ஸால் தூரத்தை இழுப்பது ஒன்று. பறவை வந்து மேயும் இடத்தில் கேமராவை வைத்துவிட்டு, நாம் விலகிப்போய்ப் போனில் பார்த்து அழுத்துவது இன்னொன்று. முதல் வழியில் கண்ணைச் சுற்றியுள்ள வளையம் வரை தெரியும், ஆனால் பறவை நிற்கிற ஊர் தெரியாது. பின்னால் இருப்பதெல்லாம் பச்சையும் பழுப்புமாகக் கரைந்துபோகும். அந்தப் படத்தை ஒத்தக்கடையில் எடுத்ததா ஒடிசாவில் எடுத்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டாவது வழியில் நெடுங்கால் உள்ளான் சேற்றில் நிற்கும், அதன் முதுகுக்குப் பின்னால் யானைமலை முழு நீளத்துக்கும் படுத்துக் கிடக்கும். அப்படி ஒரு படத்தை அண்ணனின் ஸ்டுடியோச் சுவரில் பார்த்தபோதுதான் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது.

அண்ணனுக்குப் பிழைப்பு கல்யாணப் படம். நான் அவரிடம் லைட் பிடிக்கப் போனவன். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. ஆனால் வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் கண்மாய்களில் நின்று, வலசைப் பறவைகளும் வந்து சேர்ந்திருக்கும் மாதம் அதுதான். தொழில் இல்லாத மாதமும் பறவை இருக்கிற மாதமும் ஒன்றாக வாய்த்தது என் அதிர்ஷ்டம். போன் மூலம் கேமராவை இயக்குவதையே நான் முதலில் பார்த்தது கல்யாண மண்டபத்தில்தான். தாலி கட்டும் நேரத்தில் சொந்தபந்தம் மொத்தமும் மணவறையைச் சூழ்ந்துகொள்ளும், கேமராக்காரருக்கு முதுகுகள்தான் கிடைக்கும். அண்ணன் மணவறைக்கு மேலே ஒரு கேமராவைக் கிளாம்ப் போட்டு மாட்டிவிட்டு, கூட்டத்துக்கு வெளியே நின்றபடி போனில் அழுத்துவார். பிறகு அதே வித்தையைக் கண்மாய்க்குக் கொண்டுபோனார்.

கற்றுக்கொள்ளப் போனவனுக்கு அவர் போனைத் தரவில்லை. "மொதல்ல தரையப் படிடா தம்பி. போனு எங்கிட்டும் ஓடிப்போகாது" என்றார். ஒரு பருவம் முழுக்க நோட்டும் பேனாவும்தான் கையில். கண்மாயின் உள்வாயில் தண்ணீர் வற்றி வெளித்தெரியும் சேறுதான் பாடம். நெடுங்கால் உள்ளானின் தடத்தில் முன்விரல் மூன்று மட்டும் இருக்கும், பின்விரல் கிடையாது. கொக்கு, மடையான் தடத்தில் பின்விரல் நீளமாக ஒரு கோடு இழுத்திருக்கும். வாலாட்டியின் தடம் தண்ணீர் ஓரத்தை ஒட்டியே போகும். எந்தத் தடம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுகிறதோ, அங்கே அந்தப் பறவைக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம். மீன்கொத்திக்கு வேறு அடையாளம். பட்டுப்போன கருவேலங் குச்சி ஒன்று சுண்ணாம்பு அடித்தாற்போல எச்சத்தால் வெளுத்திருக்கும். கீழே குனிந்து தேடினால் நண்டோடும் பூச்சிச் சிறகும் மீன்முள்ளும் கலந்து அது கக்கிய சிறு உருண்டைகள் கிடைக்கும். உருண்டை இன்னும் ஈரமாக இருந்தால் மீன்கொத்தி போய் அதிக நேரம் ஆகவில்லை. இவ்வளவும் தெரிந்த பிறகுதான் கேமராவை எங்கே வைப்பது என்ற கேள்வியையே அண்ணன் என்னைக் கேட்கவிட்டார்.

அந்தக் கேள்விக்குள் வெளிச்சமும் வருகிறது. காலை வெயில் கிழக்கிலிருந்து விழும், அதனால் கேமராவுக்கு முன்னால் மேற்கு இருக்க வேண்டும். மலை மேற்கே தெரிகிற கண்மாயைத் தேர்ந்தெடுத்தால் பறவை மேலும் பாறை மேலும் ஒரே வெயில் படும். மாசி, பங்குனியில் தண்ணீர் நாளுக்கு நாள் உள்வாங்கும். நேற்று ஓரமாக இருந்தது இன்று காய்ந்த தரை. ஆகவே நேற்று வைத்த இடத்தை நம்பி இன்று வைக்க முடியாது, தினமும் புதிதாகப் பார்த்தாக வேண்டும்.

கேமராவை வைக்க அண்ணனிடம் இருந்த கருவி ஒரு மஞ்சப்பை. காலிப் பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார். கண்மாய்க்குள் இறங்கியதும் காய்ந்த மண்ணை அதில் பாதி அளவுக்கு அள்ளிப் போட்டு, வாயை இறுகக் கட்டி, சேற்றில் வைத்து நடுவில் அமுக்கிக் குழி பண்ணுவார். அந்தக் குழியில் கேமரா அசையாமல் உட்காரும். லென்ஸ் தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இருக்காது. மேலே பழைய சாக்குத் துணி, அதன்மேல் அங்கேயே கிடக்கிற காய்ந்த கோரை. பசுங்கோரையை ஒடிக்கக் கூடாது என்பார். ஒடித்த கோரை வெயிலில் வாடித் துவண்டு லென்ஸுக்கு முன்னால் விழுந்துவிடும். எழுந்து போகும்போது பையிலிருந்த மண்ணை எடுத்த இடத்திலேயே கொட்டிவிட்டு வருவார்.

லென்ஸ் 24 எம்.எம். இங்கேதான் கணக்கு வேண்டியிருக்கிறது. முழு அளவு சென்சார் உள்ள கேமராவில், எஃப் 8 துளையில், ஒரு மீட்டர் தூரத்துக்கு ஃபோகஸ் வைத்தால், ஏறத்தாழ 70 சென்டிமீட்டரிலிருந்து 1.7 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். அந்த ஒரு மீட்டர் இடைவெளிக்குள் பறவை வந்தால் போதும், ஆட்டோ ஃபோகஸ் தேவையே இல்லை. ஒரு மீட்டர் தள்ளி ஒரு குச்சியை நட்டு, அதற்கு ஃபோகஸ் வைத்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டுக் குச்சியைப் பிடுங்கிவிட வேண்டும். மலை கொஞ்சம் மங்கும்தான், ஆனாலும் அது யானைமலை என்று மதுரைக்காரர்கள் யாரும் சொல்லிவிடுவார்கள். பீப் ஒலி, ஃபோகஸுக்கு எரியும் சிவப்பு விளக்கு, தானாக அணைந்துபோகும் அமைப்பு மூன்றையும் நிறுத்திய பிறகே கேமராவை விட்டு நகரலாம். தானாக அணைவதை மறந்தால், நாம் கரையேறி உட்காருவதற்குள் கேமரா தூங்கிப்போயிருக்கும். அதை எழுப்ப மறுபடி சேற்றில் இறங்கி, மேய வந்த கூட்டத்தை விரட்ட வேண்டிவரும்.

இனி போன். கேனானுக்குக் கேமரா கனெக்ட், நிக்கானுக்கு ஸ்னாப்பிரிட்ஜ், சோனிக்குக் கிரியேட்டர்ஸ் ஆப் என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு செயலி இருக்கிறது. வேலை செய்யும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். புளூடூத் கேமராவையும் போனையும் அறிமுகப்படுத்தி வைக்கும், வைஃபை படத்தைக் கொண்டுவரும். அந்த வைஃபையைக் கேமராவே உண்டாக்குகிறது, ஆகவே கண்மாயில் டவர் இல்லாவிட்டாலும் கவலையில்லை. தொல்லை வேறு மாதிரி வரும். இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டுப் போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், கேமரா அறுந்துபோகும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுத்தான் இணைக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் செயலியைத் திட்டிக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர்.

தூரத்தைப் பற்றிக் கையேடுகள் சொல்வது பத்து, பதினைந்து மீட்டர். வெட்டவெளியில் அதற்கு மேலும் எட்டும். ஆனால் சேற்றை ஒட்டி ஒரு சாண் உயரத்தில் இருக்கும் கேமராவின் அலை சீக்கிரம் சோர்ந்துவிடும். நடுவில் ஈரக்கோரை இருந்தாலும் சரி, கேமராவுக்கு முதுகைக் காட்டி நாமே உட்கார்ந்திருந்தாலும் சரி, தண்ணீர் உள்ள எதுவும் அந்த அலையை உறிஞ்சிக்கொள்ளும். கண்மாய்க் கரை நமக்கு உதவுவது இங்கேதான். உயரமான கரைமேல், நடுவில் மரம் மறைக்காத இடமாகப் பார்த்து உட்கார்ந்தால் இணைப்பு நிற்கும். இடம் தேடும்போதே பறவைக்கு ஒரு இடம், நமக்கு ஒரு இடம் என்று இரண்டையும் சேர்த்துத் தேட வேண்டும்.

போனில் தெரிகிற படம் நடப்பதற்குக் கொஞ்சம் பிந்தித்தான் வரும். கண் இமைக்கிற நேரம்தான், ஆனால் மீன்கொத்திக்கு அது போதும். திரையில் அது பாய்வதைப் பார்த்து அழுத்தினால் வெறும் குச்சிதான் பதியும். பாய்வதற்கு முன் அது தலையை மேலும் கீழும் ஆட்டித் தூரம் பார்க்கும், அப்போதே விரல் இறங்க வேண்டும். மடையான் கழுத்தை நீட்டித் தாழ்த்தியதும் அழுத்த வேண்டும். பறவையின் அடுத்த அசைவு தெரியாதவருக்கு இந்தச் செயலி எவ்வளவு விலையுள்ள கேமராவோடு இணைந்தாலும் பயன் இல்லை. நோட்டுப் புத்தகத்தோடு போன அந்தப் பருவம் எதற்காக என்பது எனக்கு இங்கேதான் முழுசாகப் புரிந்தது. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரையே நாங்கள் பயன்படுத்துகிறோம். சிறகடிக்கும்போது அது இறகை வளைத்துக் காட்டும் என்பதால் நிற்கிற, மேய்கிற பறவைகளோடு நிறுத்திக்கொள்வோம்.

கண்மாய் நமக்கு மட்டும் சொந்தமானதல்ல என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு ஆட்டுக்காரப் பெரியவர். "என்னப்பு, பெட்டியச் சேத்துக்குள்ள போட்டுட்டு இங்கிட்டு ஒக்காந்திருக்கீக?" என்று கேட்டவர், விஷயத்தைச் சொன்னதும், "காலைல கலுங்குப் பக்கம் மேயும், வெயில் ஏறுனா மடைக்கு வந்துரும்" என்றார். நான் நோட்டில் எழுதி வைத்திருந்ததைவிட அது சரியாக இருந்தது. அதிலிருந்து கேமரா வைக்கும் முன் ஆடு மேய்ப்பவர், மீன் குத்தகைக்காரர், கரையில் வேலை செய்கிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். பெண்கள் குளிக்கிற, துவைக்கிற பக்கம் கேமராவின் முகம் திரும்பவே கூடாது. ஆளில்லாமல் மறைத்து வைத்த கேமரா என்றால் ஊர் சந்தேகப்படும், அது நியாயமான சந்தேகம்.

ஆளில்லாமல் கேமரா படம் எடுப்பது நூறு வருடத்துக்கு முந்திய வித்தை. எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி 1920களில் வட இந்தியக் காடுகளில் புலி நடக்கும் தடத்தில் கம்பி கட்டி, புலியே மிதித்துத் தன்னைப் படம் எடுத்துக்கொள்ளும்படி செய்தார். 1927இல் அந்தப் படங்கள் புத்தகமாக வந்தன. நம் ஊரில் மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தவர், தமிழிலும் காட்டுயிர் பற்றி எழுதியவர். அவருடைய 'மழைக்காலமும் குயிலோசையும்' ஸ்டுடியோ மேசையில் எப்போதும் இருக்கும், என்னை அண்ணன் வாசிக்கச் சொன்ன முதல் புத்தகமும் அதுதான். சாம்பியனின் கம்பிக்குத் தெரியாத ஒன்று போனுக்குத் தெரிகிறது. பறவையை நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். மேய்வதை நிறுத்திவிட்டு லென்ஸையே உற்றுப் பார்க்கிறதா, திரும்பத் திரும்ப வந்து இறங்காமல் போகிறதா என்பது திரையிலேயே தெரியும். அப்படித் தெரிந்தால் அண்ணன் அன்றைய வேலையை முடித்துக்கொண்டு, பறவைகள் தாமாக விலகும்வரை காத்திருந்து கேமராவை எடுத்துவிடுவார். அழுத்தாமல் இருக்கவும் இந்தப் போன் வழி செய்கிறது, எனக்கு அதுதான் இதன் பெரிய மதிப்பு.

கூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்கவே மாட்டோம். கண்மாய் வற்றிய வெற்றுத் தரையில் ஆள்காட்டி முட்டையிடும், கூழாங்கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. மதுரை வெயிலில் தாய்ப்பறவை வயிற்று இறகை நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். பக்கத்தில் புதிதாக ஒரு பொருள் கிடந்தால் அது வரத் தயங்கும், தயங்குகிற நேரத்தில் முட்டை வெந்துபோகும். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியில், பாறை இடுக்குகளில் வல்லூறுகள் இருக்கின்றன. பாறையில் கேமராவை மாட்டி எடுக்கலாமா என்று கேட்டு ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் உண்டு. அண்ணன் ஒரே வார்த்தையில் மறுத்துவிடுவார்.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தரும் விளக்கத்திலேயே காட்டுப்பறவையின் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வது அடங்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தச் செயலிகள் போனிலிருந்து இருப்பிடத்தை எடுத்து ஒவ்வொரு படத்துக்குள்ளும் எழுதிவைக்கக் கூடியவை. நீங்கள் நல்ல மனதோடு பகிர்கிற படம், கூடு இருக்கும் இடத்துக்கு முன்பின் தெரியாத ஒருவருக்கு வழி காட்டிவிடும். கண்மாய்க்குப் போகும் முன் செயலியில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். தற்செயலாகக் கூடு கண்ணில் பட்டால் வந்த வழியே திரும்பிவிடுங்கள், அந்த இடத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.