களை எடுப்பவரிடம் யார் கேட்டார்கள்?

மரபணு மாற்றுப் பயிருக்கு எதிராகக் கையெழுத்து வாங்கத் திருப்பனந்தாள் பக்கம் நம் தெருக்களுக்குப் போனோம். "வெத எதுவா இருந்தா என்ன, களை பறிக்கக் கூப்புடுவாங்களா?" என்று ஓர் அக்கா கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

2022 அக்டோபரில் ஒன்றிய அரசு அனுமதித்த டிஎம்எச்-11 கடுகு களைக்கொல்லியைத் தாங்கும். அந்த அனுமதி செல்லுமா என்பதில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்டார்கள். மரபணு மாற்றமில்லாமலேயே களைக்கொல்லி தாங்கும் பாசுமதி ரகங்களும் வந்துவிட்டன. நாளை நம்மூர்ச் சம்பாவிலும் வந்தால், முதலில் போவது நிலமற்ற தலித் பெண்களின் கூலி.

சரி, பாரம்பரிய விவசாயத்துக்குத் திரும்பலாமா? பண்ணையடிமை முறையும் அந்தப் பாரம்பரியம்தானே! பசுமைப் புரட்சியின் புது நெல்லும் நம்மை மீட்கவில்லை. கூடுதல் கூலி கேட்ட போராட்டத்துக்குப் பதிலாக 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள்.

நாள் முழுக்கக் குனிந்து களை எடுப்பதைப் புனிதமாக்க வேண்டாம் தோழர்களே. ஆனால் மாற்று வழி இல்லாமல் அதைப் பறிப்பது வளர்ச்சியல்ல.

மனுவைத் திருத்தினோம். களைக்கொல்லிப் பயிர் வேண்டாம் என்பதற்கு மேலே நிலம், சமக்கூலி என்று எழுதினோம். அக்கா கையெழுத்துப் போட்டார்.