முதலில் ஆயாவைக் கேளுங்கள்!

நஷ்ட ஈடு வேண்டுமென்றால் நஷ்டம் எவ்வளவு என்று சொல்லத் தெரிய வேண்டும். நஷ்டத்தைச் சொல்ல, முதல் எவ்வளவு என்று தெரிய வேண்டும். மளிகைக் கடைக்காரருக்கு இது பாலபாடம். பாலாற்றங்கரைக்காரர்களான எங்களுக்குத்தான் தகராறு!

வேலூர் டேனரிக் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், 'கெடுத்தவரே பணம் கட்டணும்' என்று தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழ் என்ற கணக்கும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

கல்லூரியில் படிக்கும் என் மகள், ஆற்காடு பக்கத்துக் கிணறுகளை ஆய்வு செய்யத் திட்டம் போட்டாள். நோட்டில் உப்பு, குரோமியம் என்று வரிசையாகக் கட்டங்கள். 'இப்போது' கட்டத்துக்குப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து லேபுக்கு அனுப்பினால் போதும். 'முன்பு' கட்டம்தான் காலி. டேனரி வருவதற்கு முன்னால் எந்த மகராசன் கிணற்றுத் தண்ணீரை லேபுக்கு அனுப்பினான்?

வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆயா, அதாவது என் அம்மா, குரல் கொடுத்தாள். "அப்பல்லாம் அந்தத் தண்ணியில பருப்பு மெத்துனு வெந்துடும்டி. அப்புறம் வெறகுதான் வெந்துச்சு, பருப்பு வேவல!"

"எந்த வருஷம் ஆயா?"

"ஒங்கப்பன் ஏழாவது படிக்கறப்ப. அந்த வருஷந்தான் கொடத்தத் தூக்கிக்கினு மேட்டுத் தெருவுக்கு நடந்தேன்."

மகள் வருஷத்தைக் கணக்குப் போட்டு எழுதிக்கொண்டாள்.

இதே கழிவுப் பிரச்னைக்காக 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு கமிட்டி போடச் சொல்லியிருக்கிறது. அளக்க வருபவர்கள் மீட்டரோடு வரட்டும், சந்தோஷம். கூடவே ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவரட்டும். எங்கள் ஊரின் 'முன்பு' எண்பதைத் தாண்டிவிட்டது. கொஞ்சம் சீக்கிரம் வந்தால் தேவலை!