ஆய்வு மாநாட்டுக்குப் போஸ்டர் தயாரிக்கும் தம்பி, தங்கைகளுக்கு

மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் (சி.எஃப்.டி.ஆர்.ஐ.) என்றதும் எனக்கு எருமைப்பால்தான் நினைவுக்கு வரும். கொழுப்பு மிகுந்த, கைக்குழந்தைக்கு எளிதில் செரிக்காத அந்தப் பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் முறையை 1950-களில் உருவாக்கிய இடம். பிறகு அமுல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

அந்த ஆய்வை இன்று போஸ்டராகப் போட்டால் என்ன தலைப்பு வைப்பீர்கள்? நானாக இருந்தால் 'எருமைப்பாலிலும் குழந்தை உணவு செய்யலாம்' என்று வைப்பேன். கண்டுபிடித்தது தலைப்பிலேயே இருக்கட்டும். 2019-இல் மைக் மாரிசன் என்ற அமெரிக்க ஆய்வு மாணவர் ஆய்வுப் போஸ்டர்கள் பற்றி வெளியிட்ட காணொளியும் இதைத்தான் வலியுறுத்தியது: முக்கிய முடிவு நடுவில், பெரிய எழுத்தில்.

போஸ்டருக்கான ஏ0 தாள் 84 செ.மீ. அகலம், 119 செ.மீ. உயரம். இடம் இருக்கிறதே என்று பலர் ஆய்வேட்டையே கொட்டிவிடுகிறார்கள். வருடக்கணக்கான உழைப்பை யாரும் நின்று படிக்காமல் போவதைப் பார்க்க மனசு தாங்கவில்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஏ4 தாளில் ஒரு பிரதி எடுங்கள். எழுத்து நாலில் ஒரு பங்காகச் சுருங்கும். 24 பாயின்ட் 6 ஆகிவிடும். அதில் வரைபடத்தின் x, y அச்சுகளின் பெயர்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா? பெரிதாக்குங்கள். வரைபடக் கோட்டின் பெயரைக் கோட்டின் பக்கத்திலேயே எழுதுங்கள், மூலையில் தனிப் பெட்டி போட்டு எழுத வேண்டாம்.