வாசலில் கேட்கும் காசு

2025 ஜூலை 6, ஞாயிறு

மாலை அசோசியேஷன் கூட்டம். ஆடி பிறப்பதற்குள் ஆரம்பித்தால்தான் ஆவணியில் பால் காய்ச்ச முடியும் என்று, புதிதாக வீடு வாங்கியவர்கள் டைல்ஸ், பெயின்ட், மரவேலை என்று இறங்கிவிட்டார்கள். திருவொற்றியூரில் இருக்கும் எங்கள் குடியிருப்பில் எந்தத் தளத்தில் நின்றாலும் டிரில்லிங் சத்தம். லிஃப்ட் கண்ணாடி உடைந்திருக்கிறது. சிமென்ட் கரைசலைக் கழிவுக் குழாயில் ஊற்றி அது இறுகிப்போய்விட்டது. ரப்பிஷ் மூட்டைகள் கார் நிறுத்துமிடத்தில் கிடக்கின்றன. தொல்லை நிஜம்தான்.

ஆகவே புது விதிகள்: காலை 9.30 முதல் மாலை 5.30 வரைதான் வேலை, ஞாயிறு கிடையாது, சரக்கு லிஃப்ட் மட்டும், ஆளுக்கொரு அடையாள அட்டை நகல். இதுவரை எனக்கும் சம்மதம். கடைசியில் ஒன்றைச் சேர்த்தார்கள். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு வேலையாளும் நாளைக்கு 100 ரூபாய் கேட்டில் கட்ட வேண்டும். நான் எதிர்த்தேன். இரண்டு வாரம் நடக்கட்டும், பிறகு பேசலாம் என்று முடித்துவிட்டார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் பால் வாங்கப் போனபோது கேட்டில் கத்திவாக்கத்திலிருந்து வந்த டைல்ஸ் ஆட்கள் நின்றிருந்தார்கள். மேஸ்திரி, இரண்டு கொத்தனார், ஒரு சித்தாள் அம்மா. செக்யூரிட்டி ரசீதுப் புத்தகத்தை நீட்டினார். அந்த அம்மாவின் கூலி 600 ரூபாய். அதில் 100 போனால், அந்தக் காலத்து அரசர்கள் விளைச்சலில் கேட்ட அதே ஆறில் ஒரு பங்கு.

“வீட்டுக்காரர்கிட்ட கேக்கலாமேப்பா?” என்றேன்.

“கேட்டேன் சார். ரேட்டுலயே சேத்துக்கோன்றாரு. நான் சேத்துப் போட்டா, அடுத்த ஆளு கம்மியா சொல்லி வேலைய வாங்கிக்கினு போய்டுறான். அப்புறம் நான் யார் கூலில கை வைக்கிறது?”

கைவைப்பது யாருடைய கூலியில் என்பது அந்த அம்மா முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது. கட்டணம் எந்த ரசீதில் எழுதப்பட்டாலும், பேரம் பேச முடியாதவரிடம்தான் போய் நிற்கும்.

ஜூலை 9, புதன்

அந்த அம்மா மதியம் கழிப்பறைக்காகத் தேரடி வரை நடந்து போய் வந்ததாகச் செக்யூரிட்டி சொன்னார். தரைத்தளத்தில் டிரைவர்களுக்கென்று கட்டிய கழிப்பறை பூட்டியே இருக்கிறது. 100 ரூபாய் வாங்கிக்கொள்கிறோம். பதிலுக்கு ஒரு குவளைத் தண்ணீர்கூட வைக்கவில்லை.

ஜூலை 12, சனி

ராயபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு மாடிப் பூங்கா வழியாகத் திரும்பினேன். அந்தக் காலத்துக் கறுப்பர் நகரத்தைச் சுற்றிக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் எழுப்பிய மதிலில் மிஞ்சிய துண்டு அது. 1769-ல் ஹைதர் அலி சென்னை வாசல்வரை வந்து உடன்படிக்கை எழுதிக்கொண்டு போன பயத்தில் மதில் வேலையை வேகமாக முடித்தார்கள். அந்தச் செலவுக்காக மதிலுக்கு உள்ளே குடியிருந்தவர்கள் மேல் ஒரு வரி போடப் பார்த்தார்கள். ஜனங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. வரி வசூலாகாமலே போனது, சென்ட்ரல் பக்கத்து வால்டாக்ஸ் ரோட்டுக்குப் பெயர் மட்டும் நின்றது.

கம்பெனிகூட, மதில் யாரைக் காக்கிறதோ அவர்களிடம்தான் காசு கேட்டது. நாங்கள் மதிலுக்கு உள்ளே சுகமாக இருந்துகொண்டு, வெளியிலிருந்து வந்து எங்களுக்கு உழைப்பவர்களிடம் கேட்கிறோம்.

ஜூலை 15, செவ்வாய்

துறைமுகத்தில் பாஸ் பிரிவில் உத்தியோகம் பார்த்தவன் நான். கேட் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். 2004 ஜூலை 1-ல் கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்குமான சர்வதேசப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது ஒவ்வொரு பாஸும் கறாரானது. யார், எந்த வேலைக்கு, எவ்வளவு நேரம் என்று கேட்டோம். கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் தாத்தா சொன்ன வாசல் வேறு. விடியற்காலையில் துறைமுகத்துக்கு வெளியே கூட்டமாக நிற்பார்களாம். மேஸ்திரி கைகாட்டியவருக்கு மட்டும் வேலை. மாலையில் கூலி கைக்கு வரும்போது அதில் மேஸ்திரி பங்கு கழிந்திருக்கும். 1948-ல் கப்பல்துறைத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகுதான், பதிவும், வேலைக்கு வந்து வேலை கிடைக்காத நாளுக்கு ஒரு படியும் என்று அந்த நிலை மாறத் தொடங்கியது. வாசலில் நிற்பவனிடம் பிடித்தம் செய்வதை ஒழிக்க இந்தப் பக்கத்து ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதை எங்கள் வீட்டு வாசலிலேயே திரும்பக் கொண்டுவர என் மனம் ஒப்பவில்லை.

ஜூலை 17, வியாழன். ஆடி 1

உட்கார்ந்து மாற்று விதிகளை எழுதினேன்.

திரும்பப் பெறத்தக்க டெபாசிட்டை வீட்டு உரிமையாளர் கட்ட வேண்டும். லிஃப்ட், குழாய் சேதமும் ரப்பிஷ் அகற்றும் செலவும் அதிலிருந்துதான். வேலையாளிடம் கேட்டில் ஒரு பைசா வாங்கக் கூடாது. 1994-ல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தின் அட்டை இருந்தால் அதுவே போதும், ஆதார் நகலைச் செக்யூரிட்டி மேசையில் குவித்துவைக்க வேண்டாம். கொத்தனாருக்கு மட்டுமல்ல, பெயின்டருக்கும் பிளம்பருக்கும்கூட அந்த அட்டை உண்டு. கருவிகளை உள்ளே வரும்போதே பட்டியலில் எழுதிக்கொண்டால், போகும்போது பையைக் கொட்டிக் காட்டச் சொல்லி அவமானப்படுத்த வேண்டியதில்லை. தரைத்தளக் கழிப்பறையும் குடிநீரும் திறந்திருக்க வேண்டும்.

சட்டமும் நம் பக்கம்தான். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான 1994 சட்டமானாலும் சரி, அதன் இடத்துக்கு வந்த 2022 சட்டமானாலும் சரி, பொதுச் செலவைப் பகிர்ந்துகொள்ள வேண்டியவர்கள் உரிமையாளர்கள் என்பதுதான் அடிப்படை.

ஜூலை 20, ஞாயிறு

கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “வேலை செய்யறவங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே?” என்றார். சிரமம் பழகிவிட்டது என்பதற்காக அது நியாயமாகிவிடாது என்றேன். இன்னொருவர், வரவு குறைந்தால் மெயின்டனன்ஸ் ஏறுமே என்றார். ஏறினால் ஏறட்டும், லிஃப்டில் ஏறுவது நாம்தானே என்று பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா சொன்னார்.

100 ரூபாய்க் கட்டணம் ரத்து. டெபாசிட் இனி உரிமையாளர் பொறுப்பு. நேரக் கட்டுப்பாடும் அடையாளச் சோதனையும் அப்படியே தொடரும். வசூலித்த பணத்தை ரசீது காட்டுபவர்களுக்குத் திருப்பித் தரவும் ஒப்புக்கொண்டார்கள். கழிப்பறையை மட்டும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள். யார் சுத்தம் செய்வது என்ற கேள்வியில் நின்றுவிட்டது.

சுத்தம் செய்பவரின் கூலியை என் பங்காக நான் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாளை காலை மேஸ்திரியைப் பார்த்து, ரசீதுகளைப் பத்திரமாக எடுத்துவரச் சொல்ல வேண்டும்.